எண்ணெய்க் காசு பிரித்த அண்ணன் தம்பியோடு சிங்கப்பூரில் ஒரு நாள்

பெரியம்மா மகன் பிரகாஷின் கல்யாணத்துக்காகக் கடந்த பிப்ரவரியில் சிங்கப்பூர் போயிருந்தேன். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலேகால் மணி நேரம். ஐந்து நாள் விடுப்புக்காக எங்கள் வங்கி மேலாளரிடம் கெஞ்சியது தனிக்கதை. பிரகாஷ் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், கப்பல் பட்டறையில் பொறியாளர். பெண் எபி, நைஜீரியாவில் நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தவள். சிங்கப்பூரில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தாய்மாமன்களும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

நான் தங்கியது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு சின்ன ஹோட்டல். ஓர் இரவுக்கு 118 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்). பெட்டியைத் தரையில் திறந்து வைத்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது. அதைத் தவிரக் குறை ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிரகாஷ் அழைத்தான்.

"அக்கா, ஒரு ஹெல்ப் லா. எபியோட மாமா ரெண்டு பேரையும் இன்னிக்கு வெளிய கூட்டிட்டுப் போறீங்களா? எனக்கு லீவ் கிடைக்கல."

"அதுக்கென்ன, போறேன்."

"ஒரே ஒரு ப்ராப்ளம். அவங்க பதினெட்டு வருஷமா பேசிக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை தாய்மாமன் சீருக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும்னு எபி ஆசைப்படறா. ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் ஹாலுக்கே வரமாட்டேங்கிறாரு."

"எதுக்குடா சண்டை?"

"ஆயில் காசு, அக்கா. அவங்க ஊர்ல பாதிச் சண்டை அதுக்குத்தான். நைட்டெல்லாம் அழுதுட்டிருந்தா, பாவம்."

எட்டரை மணிக்குத் தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். மூத்தவர் ப்ரேயே, அறுபது வயது இருக்கும். வட்டத் தொப்பி, கனத்த உடம்பு, கிராமத்துக் கமிட்டியில் பல வருடம் இருந்தவர். இளையவர் டிமி, ஒல்லி, போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் லாரி ஓட்டுகிறார். மூன்று பேருக்கும் பிராட்டா என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீரும் சேர்த்து 13 வெள்ளி 20 காசு. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அதாவது, இருவரும் என்னிடம் பேசினார்கள்.

"சர்க்கரைய இந்தப் பக்கம் தரச் சொல்லுங்க" என்றார் டிமி. சர்க்கரை அவர் அண்ணனின் முழங்கையருகே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எடுத்துக்கிட்டா நான் ஒண்ணும் கடிக்கமாட்டேன்னு சொல்லுங்க" என்றார் ப்ரேயே.

நான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு இதுதான் என் உத்தியோகம் என்று அப்போதே புரிந்துவிட்டது.

இருவரும் கடலோர மனிதர்கள், படகென்றால் பிடிக்கும் என்று எபி சொல்லியிருந்தாள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் சிவப்பு ரயிலுக்கு மாறி, கடைசி நிலையம் மரினா சவுத் பியர் வரை போகவேண்டும். இருபத்தைந்து நிமிடம், ஆளுக்கு ஒன்றே முக்கால் வெள்ளி. இருவரும் பெட்டியின் இரண்டு கோடிகளில் நின்றார்கள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபக்கமும் மாறி மாறிச் சிரித்தேன். எதிரில் இருந்த சீனப் பாட்டி எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு பத்து மணிக்கு. போகவர ஆளுக்கு 15 வெள்ளி. வழியெல்லாம் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றன. காற்று முகத்தில் அடிக்க, ப்ரேயே தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார். டிமி கப்பல்களை எண்ணி, முப்பத்தொன்று வந்ததும் விட்டுவிட்டார்.

தீவில் கடை ஒன்றும் கிடையாது. மேற்குக் கரையில் மரநிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பிரித்தோம். தூரத்தில் இன்னொரு தீவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தெரிந்தது. ஒரு புகைபோக்கியின் உச்சியில் சின்னதாக நெருப்பு. இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள்.

"எங்க ஊருக்குப் பின்னாடியும் ராப்பகலா எரியும்" என்றார் டிமி. "இதவிடப் பெருசு. பொம்பளைங்க அதுக்குப் பக்கத்துல மீன் காயப்போடுவாங்க. எபி அந்த வெளிச்சத்துலதான் படிச்சா. ஊருக்குக் கரண்டு கிடையாது."

"இந்த ஊர்ல எண்ணெய்க் கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டார் ப்ரேயே.

"கிணறே கிடையாதுங்க. எல்லாம் வெளியிலிருந்து கப்பல்ல வருது."

அவர் திரும்பி, நாங்கள் வந்த திசையில் தெரிந்த கண்ணாடிக் கட்டடங்களை வெகுநேரம் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சை வளர்ப்பதாக நினைத்து எங்கள் கதையைச் சொன்னேன். மன்னார்குடிப் பக்கம் வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் உண்டு. ஒரு முறை குழாய் உடைந்து பக்கத்து வயலில் நாற்றெல்லாம் கறுத்துப்போனது. நஷ்டஈடு வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதில் அப்பாவும் பக்கத்து வயல்காரரும் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உங்க ஊருக்கு நஷ்டஈடு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

டிமி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "ஓடையெல்லாம் எண்ணெய். மீன் செத்து மிதந்துச்சு. கம்பெனி காசு கொடுத்தது கமிட்டிகிட்ட. ஊர்த் தலைவர் வீடு மாடி வீடாச்சு. எங்களுக்கு வரலன்னு கேட்டோம். துப்பாக்கியோட பையன்கள அனுப்புனாங்க. என் படகு, என் வீடு, ஒரே ராத்திரியில எரிஞ்சிடுச்சு. பெண்டாட்டி புள்ளைங்களோட சதுப்புக்குள்ள ஓடி ஒளிஞ்சேன்." மூச்சு வாங்கினார். "காசு வாங்கினியான்னு இவர்கிட்ட எத்தனை தடவ கேட்டிருப்பேன்? இல்ல, இல்லன்னு சத்தியம் பண்ணினாரு."

ப்ரேயே தொப்பியைக் கழற்றினார். முதன்முறையாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"வாங்கினேன்" என்றார். பிறகு தங்கள் மொழியில் ஏதோ சொன்னார், நிறையச் சொன்னார். பையன்கள் வரப்போவது தனக்கு முன்பே தெரியும் என்றும், பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டதாகவும் சொன்னாராம். எபிதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

டிமி எழுந்து கரையோரமாக நடந்து போய்விட்டார்.

எங்கள் படகு இரண்டே முக்காலுக்கு. அன்றைக்கு அதுதான் கடைசி. இரண்டரை ஆகியும் டிமி வரவில்லை. நான் கத்திக்கொண்டு தீவில் பாதியைச் சுற்றிவிட்டேன். படகுத் துறையில் எல்லாரும் ஏறியாயிற்று. கயிற்றைப் பிடித்திருந்த மலாய்க்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்: "சிஸ்டர், கமிங் ஆர் நாட்?"

"நீங்க போங்க" என்றார் ப்ரேயே. "அவன விட்டுட்டு இன்னொரு தடவ நான் போகமாட்டேன்." சொல்லிவிட்டுத் துறையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எபிக்கு என்ன பதில் சொல்வேன்?

படகு ஊதியது. மரங்களுக்கிடையிலிருந்து டிமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார்.

"என்ன, நீந்தியா வரப் போறே?" என்று கேட்டார். ஆங்கிலத்தில், நேராக அவரிடம்.

"நீ கூட வந்தா நீந்தறேன்."

படகுக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும்போது மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தோம். சமாதானமா என்று டிமியிடம் மெதுவாகக் கேட்டேன். "உண்மைய சொல்லிட்டாரு. மன்னிக்கிறது வேற வேலை, அதுக்கு நாளாகும்" என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை நிப்பேன்."

நின்றார். சிராங்கூன் சாலைக் கல்யாண மண்டபத்தில், பட்டு வேட்டியும் வட்டத் தொப்பியுமாக இரண்டு மாமன்களும் சீர்த்தட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டிமியின் வேட்டி இரண்டு முறை அவிழ்ந்தது. இரண்டாம் முறை ப்ரேயேதான் குனிந்து பிடித்தார். எபி சிரித்த சிரிப்பில் கண்மையெல்லாம் கரைந்துவிட்டது.

ஊர் திரும்பும் விமானத்தில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்கடியில் செல்வம் இருந்த ஊரில் மீனும் போய், வீடும் போய், கூடப் பிறந்தவனும் போனான். கணக்குக் கேட்க வந்தவர்களிடம் துப்பாக்கியைக் காட்ட முடிகிற இடத்தில் எண்ணெய் யாருக்குப் பயன்படும்?

இந்தப் படகுப் பயணம் போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. சாப்பாடும் தண்ணீரும் கையோடு வேண்டும். தொப்பி, கொசுத் தைலம் கட்டாயம். கடைசிப் படகு நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், விட்டால் வேறு வழியில்லை. இரண்டு பேரைக் கூட்டிப்போனால் மொத்தச் செலவு, சாப்பாடு உட்பட, எண்பத்தைந்து வெள்ளிக்குள் முடியும்.

போன வாரம் எபி பேசினாள். ப்ரேயே ஊர்க் கூட்டத்தில் எழுந்து, தான் வாங்கியதையும் கூட வாங்கியவர்கள் பெயர்களையும் சொல்லிவிட்டாராம். பழைய கமிட்டிக்காரர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெளியேறினார்களாம். அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் கடைசிவரை காலியாகவில்லை. லாரி வேலைக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் டிமி வந்து உட்கார்ந்திருந்தார்.