மண்டை வெட்டின அளவில் நாற்பது முகமூடி

மண்டை,

இன்று காலை உன் படத்தைப் பார்த்துவிட்டேன்.

முதல் நாள், முதல் காட்சி. நீ சொன்னபடியே.

(நண்பர்களுக்கு: மண்டை என்பது என் வீட்டுக்காரர். என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்து அதுதான் பெயர். தாராவியில் சட்டை தைக்கிற கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். ஹெல்மெட் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய தலை அது. எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார்.)

டீசர் வந்த அன்றே முகமூடிக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டினாய். ஹீரோ பகலில் லிப்ட் ஆபரேட்டர். இருட்டினால் கறுப்பு முகமூடி மாட்டி, குடிசை நிலத்தைப் பிடுங்குகிறவர்களை அடித்துத் துவைக்கிறவன்.

"படம் வரும்போது நம்ம சந்து மொத்தமும் மாஸ்க் போட்டுக்கிட்டுதான் உள்ள போகணும்ட்டி" என்றாய்.

தேதி தெரிந்ததும் பீரோ மேலிருந்து அட்டையை எடுத்தேன். கார்கானாவில் மிச்சத் துணி கொடுத்தார்கள். தினமும் சட்டைகளில் நூல் நறுக்குகிற வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, நாற்பது முகமூடி தைத்தேன்.

விஷயம் பாண்டுப்பில் இருக்கிற உன் அக்கா காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"ஏட்டி, இன்னும் வருசம் திரும்பல. தீவாளிக்குப் பலகாரம் சுடல, பொங்கலுக்குப் பானை வைக்கல. இப்ப சினிமா கேக்குதோ?"

"அவுக பாக்கணும்னு இருந்த படம் மைனி."

"அவன் இருந்தா பாத்திருப்பான். நீ போய் தியேட்டர்ல உக்காந்தா ஊரு என்னையல்லா கேக்கும்? போனியோ, வருச விசேசத்துக்கு நான் உன் வாசலை மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்விதான் வழி சொன்னாள்.

"எக்கா, நாப்பது பேரும் மாஸ்க் போட்டிருப்போம். அதுல நீ யாருன்னு எவளுக்குத் தெரியும்? உங்க மைனி வந்து ஒவ்வொருத்தியா கழட்டிப் பாக்கப் போறாளா?"

சரி என்றேன்.

தியேட்டர் வாசலிலேயே செக்கிங்காரர் நிறுத்திவிட்டார். "மாஸ்க் நிகாலோ, சேஹ்ரா திகாவோ."

(முகமூடி ஹீரோ படத்துக்கே முகமூடியைக் கழற்றி, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.)

சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு செல்வி முதுகுக்குப் பின்னால் நுழைந்தேன். இரண்டு வரிசை முன்னால் மைனியின் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவசரமாக முகமூடியை மாட்டினேன்.

விளக்கு அணைந்தது. விசில் பறந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண்ணுக்கு வெட்டின ஓட்டை இரண்டும் காதுப் பக்கம் கிடந்தன. ஒரு கண்ணுக்கு நேராக வைத்தால் மறு கண் துணிக்குள்.

நீ உன் முகத்துக்கு அளவெடுத்து வெட்டியிருக்கிறாய், படுபாவி. தைத்தவளாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் வெட்டினதில் ஒரு நூல் மாற்ற எனக்கு மனது வரவில்லை. நாற்பதையும் அப்படியே தைத்துவிட்டேன்.

வரிசை முழுக்க ஜனங்கள் கழுத்தைக் கோணிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் படம் பார்த்தார்கள்.

"எக்கா, ஹீரோ வந்துட்டானா? எனக்கு உன் தோள்தான் தெரியுது."

செல்வி கழற்றிவிட்டாள். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். நான் மட்டும் பாக்கி.

மறைந்து உட்காரலாம், இல்லையென்றால் படம் பார்க்கலாம். இரண்டும் நடக்காது என்று தெரிந்துபோயிற்று.

கழற்றி மடியில் வைத்தேன்.

ஹீரோ லிப்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழு மாடி இறங்கிக்கொண்டிருந்தான். தொண்டை கிழியக் கத்தினேன். எட்டு மாதத்தில் என் குரல் எனக்கே கேட்டது அப்போதுதான்.

இன்டர்வெலில் விளக்குப் போட்டதும் மைனியின் பக்கத்து வீட்டுக்காரி திரும்பினாள்.

"நீயா? இங்கயா?"

"நாந்தான். சமோசா வாங்கப் போறேன். உங்களுக்கும் வேணுமா?"

அவள் வேண்டாம் என்றாள். பிறகு, "ஒண்ணு போதும்" என்றாள்.

மைனி, இதை அவள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். நானே எழுதிவிட்டேன். தியேட்டரில் எடுத்த போட்டோவும் போட்டிருக்கிறேன், முகம் நன்றாகத் தெரிகிறது. வருசத்துக்கு நீங்கள் வர வேண்டும். வராவிட்டாலும் உங்கள் தம்பிக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்வேன். அடுத்த படத்துக்கும் போவேன்.

படம் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: போய்ப் பாருங்கள். இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை, சண்டை அருமை.

முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஹீரோ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். அதே நேரம் மொட்டைமாடியில் அதே முகமூடியோடு வேறு யாரோ வந்து நிற்பதோடு படம் முடிகிறது. அது ஹீரோவின் தம்பிக்காரன் என்கிறாள் செல்வி. சந்தில் எல்லோரும் அவள் கட்சி. அது அவன் பெண்டாட்டி என்று நான் ஒருத்திதான் சொல்கிறேன்.

நீ சொல்லு மண்டை, அவள்தானே?