‘வா, வா’ பாடிய பிலார் அக்கா

எங்கள் திருமண மண்டபத்தின் நிர்வாகக் குழு சென்ற செவ்வாய்க்கிழமை கூடி, மணப்பெண் உள்ளே வரும்போது ஒலிக்கும் பாடலை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. எங்கள் குழு ஏகமனதாகத் தீர்மானித்த வேறெதுவும் நினைவில் இல்லை. கார் நிறுத்துமிடம் பற்றிய சண்டையின் நடுவே என் மகள் தொலைபேசியில் அழுதபடி செய்தி சொன்னாள். அந்தப் பாடலை எழுதிப் பாடிய பிலார் அக்கா அன்று காலை காலமாகிவிட்டார்.

இளமையில் அவர் ஸ்பெயினில் புகழ்பெற்ற பாடகி. ஒரு கோடைகாலம் முழுவதும் அந்த நாட்டுக் கடற்கரைகளில் அவருடைய இந்தப் பாட்டுத்தான் கேட்டதாம். அடுத்து எழுதியவை இதைவிட நல்ல பாட்டுகள். அதனால் யாரும் வாங்கவில்லை. லண்டனுக்கு ஓர் இசைத்தட்டுப் பதிவுக்காக வந்தார். இசைத்தட்டு வெளிவரவில்லை, அவரும் திரும்பிப் போகவில்லை. எங்களில் பலரும் அப்படியே தங்கிவிட்டவர்கள் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில், என்னுடைய மணவறை அலங்காரக் கடைக்கு மேல்வீட்டில் குடியிருந்து பியானோ கற்பித்தார். ஆமென்பதற்கு ‘ஓம்’, முடியாதென்பதற்கு ‘ஏலாது’ இரண்டையும் பழகியதும் தமிழ் முடிந்துவிட்டதென்று கருதினார். மற்றதெல்லாம் ஆங்கிலம், என்னை அழைக்கும் ‘தம்பி’ மட்டும் தமிழ்.

மேலே அவர் பாடும்போது ‘வா, வா’ என்று கீழே எங்களுக்குக் கேட்கும். பெண்ணை வரவேற்கப் பொருத்தமான பாட்டு என்று அதன் பதிவைக் கேட்டு வாங்கினேன். தென்லண்டன் தமிழ் மணப்பெண்கள் எல்லோரும் அந்தப் பாட்டோடுதான் மணவறைக்கு வந்தார்கள்.

பள்ளியில் ஸ்பானிஷ் படித்த என் மகள், தன் கல்யாணம் நெருங்கியபோது சொன்னாள். “அப்பா, ஸ்பானிஷில வா எண்டால் போறான் எண்டு அர்த்தம். இது விட்டிட்டுப் போற பாட்டு. எனக்குப் போட வேண்டாம்.”

அக்காவிடம் போனேன். போகிறான், போகிறாள் இரண்டுக்கும் அந்தச் சொல்தான் என்றார். தாய்வீட்டை விட்டு மகள் போவதைத்தான் நாங்கள் மறைக்காமல் பாடுகிறோம் என்று இத்தனை காலமும் எங்களை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். தமிழில் ‘வா’ என்றால் என்ன என்று நான் சொன்னதும் பியானோவை மூடிவிட்டார். வானொலிகள் கைவிட்ட அந்தப் பாட்டை உலகில் எங்கள் கல்யாணங்களில் மட்டுமே போட்டார்கள். அங்கேயும் நின்றால் அதற்கு வேறு இடமில்லை.

“உங்கள் மகளின் கல்யாணத்தில் நானே பாடுகிறேன், தம்பி” என்றார்.

அன்று பாட்டை மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பானிஷில் வரச்சொல்லும் வார்த்தை ‘வென்’. ‘வா’ இருந்த இடமெல்லாம் ‘வென், வென்’ என்று பாடினார். சபை சலசலத்தது. என் மனைவியின் அண்ணை முன்வரிசையிலிருந்து, “பாவம், மனுசிக்குச் சொந்தப் பாட்டே மறந்துபோச்சு. அக்கா, வா எண்டு பாடுங்கோ” என்று எடுத்துக்கொடுத்தார். சபை முழுவதும் ‘வா, வா’ என்று பாடிக்காட்டியது. அக்கா நிறுத்தினார். வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பிறகு சபையோடு சேர்ந்து பழையபடியே பாடி முடித்தார்.

சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: “எழுதும்போது, என்னை விட்டுப் போனவன் திரும்பி வரவேண்டும் என்றுதான் நினைத்தேன், தம்பி. அதை எழுத வெட்கமாக இருந்தது. நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.”

தகனச்சாலையில் அந்தப் பாட்டையே போட வேண்டுமென்பது அவருடைய விருப்பம். நேற்றுப் போட்டார்கள். பெட்டியின் முன் திரை மெல்ல மூடியது. ‘வா, வா’ என்று அவர் குரல் தொடங்கியதும், அங்கிருந்த தமிழர் அனைவரும் பழக்கத்தில் எழுந்து, பின்னால் திரும்பி, முகம் மலர்ந்து வாசலைப் பார்த்தோம்.

போயிட்டு வாங்கோ, அக்கா.

வெளியே தங்கள் முறைக்குக் காத்திருந்த அடுத்த குடும்பத்தினர், எல்லோரும் தங்களையே பார்ப்பதைக் கண்டு, பெட்டியுடன் உள்ளே வந்துவிட்டார்கள்.