சாவிக்கொத்து சொந்த வீட்டை விற்ற கதை

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதை மதித்ததில்லை. ஊரார் வீட்டுச் சாவிகள் எந்நேரமும் இடுப்பில் குலுங்கிக்கொண்டிருந்ததால் அவர் எல்லோருக்கும் சாவிக்கொத்து. காதில் விழுந்த பிறகுதான் கண்ணில் படுவார்.

தொழில், வீட்டுத் தரகு. இருட்டான வீட்டை அவர் ஒருநாளும் இருட்டு என்று சொன்னதில்லை. "வெயில் காலத்துக்குன்னே கட்டின வீடு" என்பார். ரயில் பாதையை ஒட்டி, ராத்திரியெல்லாம் கட்டில் ஆடும் வீடு என்றால் "போக்குவரத்து வசதி". இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அறை, "பெருக்கித் துடைக்க ரொம்ப சுலபம்". பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உண்மைக்குக் கொஞ்சம் பவுடர் பூசி வெளியே அனுப்புவார், அவ்வளவுதான்.

அவருடைய சொந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. வாங்கிய காலத்தில் அதற்கும் ஒரு பவுடர் இருந்தது: "உடம்புக்கு நல்லது." மனைவியும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அப்போது அவளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. கையகலக் கண்ணாடி ஓட்டை வழியாக நாள் முழுக்க மனிதர்களைப் பார்ப்பாள். சாயங்காலம் படியேறி வந்து, இன்று எவன் எந்த ஊருக்கு எந்த முகத்தோடு டிக்கெட் கேட்டான் என்று நடித்துக் காட்டுவாள். அவர் சிரித்துச் சிரித்துச் சாப்பாட்டில் புரையேறிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆபரேஷன் செய்த டாக்டர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், படிக்கட்டை மறந்துவிடுங்கள் என்றார். ஆம்புலன்ஸ் ஆட்கள் அவளை மேலே தூக்கிவந்து கட்டிலில் விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஏறியவள் பிறகு இறங்கவில்லை. படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு காக்கை வந்து உட்காரும். "இன்னிக்கு ரெண்டு காக்கா வந்துச்சுங்க" என்று அவள் ஒருநாள் சொன்னாள். ஆயிரம் முகம் பார்த்தவள் காக்கை கணக்குச் சொல்கிறாள்.

அன்றே முடிவு செய்தார். பக்கத்துச் சந்தில், வாசற்படி நேராகத் தெருவில் இறங்குகிற ஒரு சின்ன வீடு விலைக்கு இருந்தது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற நர்ஸ். "உங்க வீட்டம்மாவுக்குன்னு சொல்றதால இந்த மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் தரமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். அதற்குள் மாடி வீட்டை விற்றாக வேண்டும்.

ஊரார் வீட்டையெல்லாம் விற்றவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கலே. இன்னொரு தரகரிடம் போக மானம் இடம் கொடுக்கவில்லை. "என் வீட்டை இன்னொருத்தன் வித்தா, நாளைக்கு எவன் என்னை நம்பி வீடு கொடுப்பான்?" சரி, சொந்தக்காரராகவே நின்று விற்கலாமே என்றால் அதற்கும் மனம் ஒப்பவில்லை. அவசரத்தில் விற்கிறவன் முகத்தை ஒரு பார்வையில் படித்து, விலையைப் பாதியாக அடிக்க வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே!

ஆகவே ஒரு தரகனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை ஒன்று அவருக்குத் தோன்றியது.

"இங்க பாரும்மா. ஓனர் வெளியூர்ல இருக்கார். நான் வெறும் புரோக்கர். நீ இங்க வாடகைக்கு இருக்கே. யாராவது வந்தா என்னை ஏறெடுத்துப் பார்க்காதே."

"அது பழகினதுதான்" என்றாள் அவள். "ஓனர் நல்ல மனுஷனா?"

"தங்கமான மனுஷன்."

"அப்ப குளியலறைக் குழாயை எப்ப மாத்துவாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

முதலில் வந்தவர்கள் புதிதாகக் கல்யாணமான ஜோடி. சாவிக்கொத்து தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "அம்மா, வீடு பார்க்க வந்திருக்காங்க, உள்ளே வரலாமா?" என்று அனுமதி கேட்டார். பெண் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். பையன் சுவரைத் தட்டிப் பார்த்தான். தட்டினால் என்ன தெரியும் என்பது அவனுக்கும் தெரியாது, இருந்தாலும் தட்டினான். பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"நல்ல வீடா இருக்கே, ஏன் விக்கிறாங்க?"

சாவிக்கொத்தின் நாக்கு யோசிக்கவே இல்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லித் தேய்ந்த பதில் தானாக வந்து விழுந்தது.

"ஓனரோட பையன் வெளிநாட்டுல பெரிய டாக்டர். அப்பாவையும் அம்மாவையும் கூடவே வந்து இருங்கன்னு ஒரே பிடிவாதம்."

கட்டிலில் இருந்தவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு முறை கர்ப்பம் மூன்று மாதம் வரை வந்து, கலைந்தது. அதன்பிறகு எந்த நாளில் எந்தப் பேச்சோடு அந்த விஷயத்தை நிறுத்திக்கொண்டார்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை, நிறுத்திக்கொண்டார்கள். ஊரார் வீட்டில் நின்றுகொண்டு ஊரார் பிள்ளைகளையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு ஒன்றும் உறுத்தியதில்லை.

ஜோடி போன பிறகு அவர் சமையலறையில் போய் நின்றுகொண்டார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

"ஏங்க."

"ம்."

"நம்ம பையனுக்கு எந்த ஊர்ல வேலை?"

"சும்மா தொழில் பேச்சும்மா. வாயில வந்துடுச்சு."

"தெரியும்." கட்டில் கிறீச்சிட்டது. "இருந்தாலும் டாக்டர் வேணாம். டாக்டர்னா வீட்டுக்கு வரவே நேரம் இருக்காது."

அடுத்து வங்கிக்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் சாவிக்கொத்து, பையன் இன்ஜினீயர் என்றார். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. வாய்க்குப் பழகிய தடம் அது ஒன்றுதான். வங்கிக்காரர் போன பிறகு அவள், "இவன் பரவாயில்லை. லீவு கிடைக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தொட்டிமேல் காக்கைகூட இல்லை.

வங்கிக்காரரும் சரி, ஜோடியும் சரி, "போன் பண்றோம்" என்றார்கள். வீடு பார்க்கிறவர்கள் மொழியில் அதற்கு அர்த்தம், இனி இந்த நம்பரை எடுக்க மாட்டோம் என்பது. பிறகு வந்தவர்களும் அப்படியே. கட்டிலை ஒரு பார்வை, வாக்கரை ஒரு பார்வை, அப்புறம் "போன் பண்றோம்". சாவிக்கொத்துக்குப் புரியவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தார். பல்புகளை மாற்றினார். விலையைக் கொஞ்சம் இறக்கினார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டே வந்தது. நர்ஸம்மா போன் செய்து, "வேற ஒருத்தர் கேட்டுட்டே இருக்காங்க, என்னால எத்தனை நாள் தள்ளிப்போட முடியும் சொல்லுங்க" என்றார்.

அந்த நிலைமையில்தான் ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார். கையில் பணமும் குரலில் அதிகாரமும் உள்ள ஆசாமி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, "ஏன் விக்கிறாங்க?" என்றார்.

சாவிக்கொத்து வாயைத் திறந்தார். பையன் வரவில்லை. டாக்டரும் வரவில்லை, இன்ஜினீயரும் வரவில்லை. உள்ளே கட்டிலில் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு, இன்று அவன் யாராகப் பிறக்கப் போகிறான் என்று காத்திருப்பது அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

கடைக்காரர் அந்த மௌனத்துக்குத் தானே ஒரு பொருள் கண்டுபிடித்தார். "புரியுது. இந்தம்மாவை நினைச்சுத்தானே முழிக்கிறீங்க? வர்றவன் எல்லாம் ஓடறதும் இதுக்குத்தான். படுத்த படுக்கையா இருக்கிற குடித்தனத்தை யார் கிளப்புறது?"

சாவிக்கொத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தான் போட்ட வேஷமே வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது!

"அவங்க... காலி பண்ணிடுவாங்க."

"பண்ணமாட்டாங்க. நான் பார்த்திருக்கேன். தண்ணி மோட்டாரை நாலு நாள் ரிப்பேர்னு நிறுத்தி வைங்க. மாடியில தண்ணி இல்லாம எத்தனை நாள் கிடப்பாங்க? தானா இறங்கிப் போயிடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததில்லை. இந்த யோசனையை இதே குரலில் மற்றவர்களுக்குச் சொன்னவர்கள் மத்தியில்தான் அவர் பிழைத்தார். ஆனால் இப்போது அவர் கண்ணுக்கு மோட்டார் தெரியவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வராத குழாயைத் திருகிப் பார்க்கிற ஒரு கை தெரிந்தது.

"ஏங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க வாங்க."

"யாரைக் கூப்பிடுறாங்க?" என்றார் கடைக்காரர்.

"என்னைத்தான்" என்றார் சாவிக்கொத்து. "என் சம்சாரம். வீடு எங்களுது."

கடைக்காரர் முகம் சிவந்தது, கறுத்தது. கடைசியில் கோபம்தான் வசதி என்று முடிவு செய்தது. "பெண்டாட்டியைக் குடித்தனக்காரின்னு காட்டி வீடு விக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். தண்ணீரை நிறுத்தச் சொன்னவருக்குக் கேட்க உரிமை உண்டா என்று சண்டை போடலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வியாக இருந்துவிட்டது.

அவர் கட்டிலருகே போய் நின்றார். அவள் திட்டவில்லை. "அடுத்து யார் வந்தாலும் நீங்க வெளியே இருங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

"உனக்கு இந்த வியாபாரமெல்லாம் தெரியாதும்மா."

"கவுண்டர்ல எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். எவனுக்கும் பையன் கதை சொல்லி டிக்கெட் கொடுத்ததில்லை. வெளியே இருங்க."

வந்தது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண். கூட யாருமில்லை. சாவிக்கொத்து கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். கதவு ஒருக்களித்திருந்தது.

"மழை பெய்தா சமையலறை மூலை ஒழுகும்மா. பக்கெட் அங்கேயே இருக்கு, எடுத்துக்கோ" என்று மனைவியின் குரல் கேட்டது. சாவிக்கொத்து தலையில் கை வைத்தார். "குளியலறைத் தரை வழுக்கும். நான் விழுந்தது அங்கதான். முதல்ல அந்தத் தரையை மாத்து." அவர் இரண்டாவது கையையும் தலைக்குக் கொண்டுபோனார்.

"ஏம்மா விக்கிறீங்க?"

"எனக்கு இறங்கணும். இங்கிருந்தா செத்தாத்தான் இறக்குவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை தெருவைப் பார்க்கணும்."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் வேன்காரி பேரம் பேசினாள். மனமிரங்கினவள் பேரம் பேசமாட்டாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு வேன் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களைத் தெரியாது. ஒழுகும் மூலைக்குக் கொஞ்சம் குறைத்தாள், வழுக்கும் தரைக்குக் கொஞ்சம். லிப்ட் இல்லாததற்கும் குறைத்தாள். மனைவி ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றாள். ஒவ்வொரு சரிக்கும் சாவிக்கொத்து படியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார். கடைசித் தொகையைக் கேட்டபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத்தான் இருந்தார். கைப்பிடியில் கை வைத்தவர், அப்படியே நின்றார். தெருவைப் பார்க்கணும் என்ற வார்த்தையை அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத வேன்காரியிடம் சொல்லியிருக்கிறாள். கையை எடுத்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?" என்றது வேன்காரியின் குரல்.

"வெளியேதான் உட்கார்ந்திருக்காரு. கேட்டுக்கோ."

அவர் ஒத்துக்கொண்டார். நர்ஸம்மாவின் வீட்டுக்கு மாசக் கடைசிக்கு முன்பே முன்பணம் போய்ச் சேர்ந்தது. விற்ற பணம் கொஞ்சம் போதாமல், கையிருப்பிலிருந்த நாலு காசும் கூடவே போனது. வாழ்நாளிலேயே அவர் முடித்த மிக மோசமான பேரம் என்று தரகர்கள் மத்தியில் இன்றும் பேச்சு.

காலி செய்த அன்று, சாமான் ஏற்றுகிற ஆட்கள் இருவர் ஒரு கைவைத்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தூக்கினார்கள். திருப்பங்களில் நாற்காலி சாய்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சாவிக்கொத்து முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, "பார்த்துப்பா, பார்த்துப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்கும் அது உதவவில்லை.

கீழே வந்ததும் நேராக வண்டியில் ஏற்றப் போனார்கள்.

"இங்க வைங்க" என்றாள்.

"வண்டி காத்திருக்கும்மா."

"காத்திருக்கட்டும்."

நடைபாதையில் நாற்காலியை வைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு பேருந்து போயிற்று. ஜன்னலோரம் ஒரு குழந்தை எதையோ தின்றுகொண்டிருந்தது. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயையோ, இவருக்கு இவ்வளவு நரைச்சுடுச்சா!" என்றாள். போனில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு பெண் நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை இவள் கண் கூடவே போயிற்று.

சாமான் ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். வெயில் ஏறியது. வெயில் அவள் முகத்தில் அடிக்கிறதே என்று சாவிக்கொத்து நகர்ந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றார். தன் நிழல் அவள்மேல் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். "தெரு மறைக்குது."

அவர் தள்ளி நின்றார்.