சர்க்கரை போட்ட தயிர்

எனக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் இதைச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருக்கலாம். அதற்காவது வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து தெலுங்கு ஊரான குஷாய்குடா குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது, ரயிலில் தூக்குச்சட்டியில் உறைமோரை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அதே உறைதான் இன்றும் ஓடுகிறது என்று அவருக்குப் பெருமை. தயிர்ச் சாதம் சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்தால் சாப்பிட்டதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். அதுவும் நன்றாகப் புளித்திருக்க வேண்டும். என் பிறந்த வீட்டில் அன்றன்றைக்கு உறைந்த தயிர்தான். அங்கே எனக்கு ஒன்றும் வந்ததில்லை.

கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், கழுத்தெல்லாம் தடிக்கும், அப்புறம் மண்டையைப் பிளக்கும் தலைவலி. “உடம்புச் சூடு” என்றார் மாமியார். சூட்டுக்கு மருந்து மோர். முந்தின நாள் மோரில் பெருங்காயம் போட்டுப் பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று குடிக்கவைப்பார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. அன்பாகத்தான் கொடுத்தார். அந்த அன்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். பாலில் கோளாறு இல்லையாம். புளிக்கப் புளிக்க அதில் ஹிஸ்டமின் என்ற ஒன்று சேருமாம். அதைச் சிதைக்கும் சக்தி என் உடம்பில் குறைவாம். இதற்கென்று உறுதியான ரத்தப் பரிசோதனை கிடையாது, புளித்ததை விட்டுப் பாருங்கள் என்றார். விட்டேன். தலைவலியும் விட்டது.

என் கணவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. மீட்டர் காட்டாத எதையும் நம்பமாட்டார். “ரிப்போர்ட் எங்கே? எல்லாம் மனசுதான்” என்று முடித்துவிட்டார். மாமியார் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “காபி மட்டும் மூணு வேளையும் இறங்குது. பால் ஒத்துக்குமாம், தயிர் ஒத்துக்காதாம். ரெண்டும் ஒரே மாட்டுலேர்ந்து வந்ததுதானே!” எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் அதிகம் சிரித்தார்.

ஒருநாள் மாமியார் ரவா தோசை மாவில் எனக்குத் தெரியாமல் புளித்த மோரை ஊற்றிச் சோதித்தும் பார்த்தார். என் கழுத்து தடித்ததைப் பார்த்துவிட்டு, “ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்” என்றார்.

போன மாதம் என் மகளுக்கு இன்டர்மீடியட் பரீட்சை. நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் ஒரு ஸ்பூன் தயிரும் சர்க்கரையும் வாயில் போட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவேண்டும். மாமியார் கிண்ணத்தோடு வந்தார். அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நக்கோ பாட்டி, வேண்டாம். எனக்குப் பிடிக்கல” என்றாள்.

அவளுக்குத் தடிப்பும் இல்லை, தலைவலியும் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதோ வெடிக்கப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பிடிக்கலேன்னா விடு கண்ணு. சர்க்கரை மட்டும் வாயில போட்டுக்கோ” என்று சிரித்தார் மாமியார். கணவரும் சிரித்தபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகள் மேலேயே பொறாமை. டாக்டர் சொல்லியும் எனக்குக் கிடைக்காதது அவளுக்கு ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது.

அவர்கள் கிளம்பிப் போனதும் மாமியார் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

“வீணாப் போகக் கூடாது. நீ சாப்பிட்டுடு.”

வாங்கிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அன்று முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. தலைவலியும் வரவில்லை.