நாலரை மணிப் பாட்டு

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக் காட்டினாத்தான் நம்புவாங்கன்னு எனக்குத் தோணினதே நேத்து கல்பனா ஆன்ட்டி வாய்விட்டுச் சிரிச்சப்பதான். நீங்களும் சிரிச்சுக்கலாம். யாராவது பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சாலே "இதுல லாஜிக் எங்கே?"ன்னு கேட்டு அந்தப் பேச்சையே கெடுத்துவிடுற ஆள் நான்.

டெக்சாஸ்ல கேட்டிங்கிற இந்த ஊருக்கு நாங்க வந்தது இந்தக் கோடையில. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் ஜப்பான், டோக்கியோவுக்கு வெளியே, ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி ஒரு புறநகர். அங்கே தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர் முழுக்கக் கம்பத்து ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு வரும். வெறும் ட்யூன்தான். அது கேட்டுச்சுன்னா வெளியே விளையாடுற பிள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பிடணும். ஆறு வயசு வாண்டுகூடத் தனியா நடந்து வரும். என் பொண்ணு மித்ராவும் அப்படித்தான் வளர்ந்தா.

இதுவும் பிளான் போட்டுக் கட்டின ஊர்தானே, ஏரி இருக்கு, பார்க் இருக்கு, நடைபாதை இருக்குன்னு இங்கேயும் அவளைத் தனியா அனுப்பினோம். பக்கத்து வீட்டு கல்பனா ஆன்ட்டி ஈரோட்டுக்காரங்க. அப்பவே சொன்னாங்க, "ஏனுங் தம்பி, அந்த நடைபாதை நமக்குன்னா நெனச்சீங்க? அது நாய்க்குங்க."

போன வாரம் ஒருநாள் பார்க்குக்குப் போன மித்ரா திரும்பி வரலை. போய்ப் பார்த்தா ஊஞ்சல் மட்டும் ஆடுது. என் மனைவி நித்யா காரை எடுத்துட்டு மெயின் ரோடு பக்கம் போனா, நான் தெருக்களுக்குள்ளே ஓடினேன். ஒரே செங்கல், ஒரே கராஜ், ஒரே தபால்பெட்டி, மூணாவது திருப்பத்துல எனக்கே வழி தெரியலை, ஃபோனையும் பதற்றத்துல வீட்லயே விட்டுட்டேன்.

அப்போதான் கேட்டுச்சு. சத்தியமா அதே பாட்டு. ஒரு கம்பத்துல வர்றது அடுத்த கம்பத்துலேர்ந்து கொஞ்சம் பிந்தி வந்து மோதுமே, அந்தக் குழறல் உட்பட. இந்த ஊர்ல அப்படி ஒரு கம்பமே கிடையாது. பயம்னு சொல்ல மாட்டேன், எந்த நாட்டுல நிக்கிறேன்னே புரியலை. கால் தானா நடந்துச்சு, ஜப்பான்ல ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்குத் திரும்புற அதே வழி, இடது, இடது, வலது. போய் நின்ன இடம் கேட்டியில எங்க வீட்டு வாசல்.

மித்ரா படியில உட்கார்ந்திருந்தா. பக்கத்துல ஷூ, ஜப்பான்ல வைக்கிற மாதிரியே முனை வெளியே பார்க்க ஒழுங்கா வெச்சிருந்தா.

"எங்கேடி போனே?"

"வழி தெரியலைப்பா. எல்லா வீடும் நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு. அப்புறம் பாட்டு போட்டாங்கல்ல, வந்துட்டேன்."

உள்ளே போய் மணி பார்த்தேன். நாலரை தாண்டி அஞ்சு நிமிஷம்.

நித்யாவுக்கு எதுவும் கேட்கலை. தோட்டத்துலயே நின்னுட்டிருந்த கல்பனா ஆன்ட்டிக்கும் கேட்கலை. "ஐஸ்கிரீம் வண்டியா இருக்கும் தம்பி"ங்கிறாங்க. சரி, வெச்சுக்குவோம். பழக்கம், பதற்றம், அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே பிரமை, எல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துட்டேன். அந்த நேரம்தான் உதைக்குது. நாங்க இருந்தவரைக்கும் அங்கே வருஷம் முழுக்க அஞ்சு மணிதான். பழைய எதிர்வீட்டு ஜப்பான்காரருக்கு, பாட்டு இப்பவும் அஞ்சு மணிக்குத்தானான்னு மெசேஜ் போட்டேன். பதில் வந்துச்சு: "சீக்கிரம் இருட்டிடுதுன்னு போன வாரத்துலேர்ந்துதான் நாலரைக்கு மாத்தினாங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

நாளைக்கு அதே திருப்பத்துல ஃபோனை ஆன் பண்ணிட்டு நிக்கப்போறேன். நித்யா "உனக்கு வேற வேலையே இல்லையா?"ங்கிறா. மித்ராவுக்குத்தான் உண்மையிலேயே கோபம்.

"பாட்டு போட்டா அங்கேயே நிக்கக் கூடாதுப்பா. வீட்டுக்கு வந்துடணும்."