தர்பங்காவில் நிலம் நடுங்கியபோது

1988 ஆவணியில் வடபீகாரில் நிலம் நடுங்கியது. வானொலியில் தர்பங்கா என்ற பெயரைக் கேட்டபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தோடு எழுந்தேன். மறுபாதியை மழிக்க மூன்று நாள் ஆயிற்று.

என் ஒரே மகன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியுடன் அந்த ஊரில்தான் இருந்தான்.

நான் நிலவியல் பட்டதாரி. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் பணிபுரிந்தவன். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டோடு மோதுவதையும், அம்மோதலில் இமயம் உயர்வதையும், தேங்கிய விசை நொடியில் அவிழ்ந்தால் நிலம் குலுங்குவதையும் கற்றவன். அவ்வறிவே அன்று எனக்குப் பகையாயிற்று. ஆற்று வண்டல் படிந்த அச்சமவெளி, குலுங்கினால் கூழாகும் என்பதை நான் அறிவேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கல்லூரியை விட்டு ரிக்கில் ஏறிய மகனால் என் பெயருக்கு இழுக்கு என்று எண்ணி, இரண்டாண்டுகள் அவனோடு பேசாதிருந்தேன்.

தந்தி இல்லை. தகவல் இல்லை. மூன்றாம் நாள் காலை, பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பன் வந்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவர். பலமுறை நான் எள்ளி நகைத்தவர்.

"ஏனுங்க, கல்லு படிச்சவிங்க நீங்க. அந்தப் பக்கம் மண்ணு எப்பிடீங்க?"

அவர் என் பாதி மழித்த முகத்தைப் பார்த்தார்.

"செரி, எந்திரிங்க. மலைக்குப் போலாம். அதுக்குப் பட்டம் கேக்க மாட்டாங்க."

என் மனைவியும் உடன்வர, திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு ஏறினோம். சந்நிதியில் எனக்குத் தெரிந்த பாடல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "சாமி... சாமி..." என்ற ஒரு சொல்லே வந்தது.

என் மனைவி மெல்லக் கேட்டாள்: "ஆரைங்க கூப்படறீங்க? அவரையா, நம்ம பையனையா?"

எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் சாமி என்றே அழைப்போம். இரண்டாண்டுகளாக என் வாய் மறந்திருந்த அழைப்பு அது. பலர் காண அழுதேன். "என் பெயர் போகட்டும், அவனைத் தா" என்று வேண்டினேன்.

வீடு திரும்பியபோது, மகன் தொலைபேசியில் அழைத்தான், மறுபடி அழைப்பான் என்று சொல்ல அஞ்சலகத்தார் காத்திருந்தார். அஞ்சலகத்துக்கு ஓடினேன்.

"அப்பா, நானுங்க. நாங்க தங்குன ரூமு இடிஞ்சு போச்சுங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி நாங்க அங்க இல்லீங்க."

"பின்னே?"

"தொளை போடற இரும்பு குழிக்குள்ள சிக்கிக்கிச்சுங்க. வண்டிகிட்டயே வெட்டவெளில படுத்துட்டமுங்க. வேலை கெட்டுப் போச்சுன்னு மொதலாளி வையறாருங்க."

"வையட்டும், சாமி. நல்லா வையட்டும்."

மறுமுனையில் விம்மல் மட்டும் கேட்டது.

நான் வேண்டியது மூன்றாம் நாள். இரும்பு சிக்கியது அதற்கு முன்னரே. தற்செயல் என்று கற்றோர் கூறலாம். நானும் அவ்வாறே கூறியிருப்பேன். கேட்கத் தெரியாதவனுக்கு இறைவன் முந்திக் கொடுத்தான் என்றே இன்று கொள்கிறேன்.

மறுமாதமே பீகாருக்கு ரயிலேறினேன். ரிக் லாரியின் நிழலில், என் மகன் வடித்த சோற்றை அவனோடு அமர்ந்து உண்டேன். சோறு குழைந்திருந்தது. இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன்.

அன்பர்களே, தட்டுகள் மோதும் இடத்தைப் படிப்பு சொல்லும். அவை குலுங்கும் நேரத்தைச் சொல்லாது. அந்த நேரத்தைத் தன்னிடம் வைத்திருப்பவனை நம்பிக் கேளுங்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்க வேண்டாம். என்னையும் பார்த்தார்கள்.