எஸ்தர் அக்கா உடைத்த சுவர்

சூரியநெல்லி எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது: "எஸ்தரக்கா போயிட்டாங்க. நெஞ்சுவலி." எனக்கு முதலில் வந்தது கோபம். ஓய்வுபெற இன்னும் ஒரு மாதம் இருக்க, இப்படியா போவது! அந்தக் கோபம் ஆறாமலேதான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்கடியில் ஆறு வீடுகள். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். விறகடுப்புக் காலத்துச் சமையலறை, ஜன்னல் கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு பகல், எலி கடித்த குழாயிலிருந்து என் வீட்டில் கேஸ் கசிந்தது. நான் வேலையில். உள்ளே படுத்த படுக்கையாக என் மாமியார். வாடை பிடித்து ஓடிவந்த எஸ்தர் அக்கா ரெகுலேட்டரை மூடி, மாமியாரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கிடத்தி, திரும்ப வந்து சிலிண்டரையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். லைட்டைப் போடப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம், "சுவிட்சத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றாராம்.

மறுநாள் காலை கடப்பாரையோடு என் வீட்டில் வந்து நின்றார். "கேஸு தரையிலதான் படியும். ஓட்டை கீழதான் வேணும்."

"கம்பெனிச் சுவராச்சேக்கா!"

"ஜன்னல் கேட்டு கம்பெனிக்கு மூணு அபேட்சை, மனு மேல மனுவா எழுதிக் குடுத்தாச்சு. நாலாவது இந்தா" என்று ஓங்கி ஒரு போடு. என் சுவரை முடித்துவிட்டுத் தன் வீட்டுச் சுவரையும் உடைத்தார்.

இரண்டே நாளில் சூப்பர்வைசர் காகிதம் கொண்டுவந்தார். சுவரைச் சேதப்படுத்தியது நாங்களாம், செப்பனிடும் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். புதுக் குழாய், புது ரெகுலேட்டர், புது அடுப்பு என்று ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். இருந்தும், வம்பு எதற்கு என்று பேனாவை வாங்கிவிட்டேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய! அக்கா பேனாவைப் பிடுங்கினார். "இன்னைக்கு ஓட்டைக்குக் கெட்டுவ. நாளைக்குக் கூரை ஒழுகினா அதையும் உன் தலையிலதான் எழுதுவான். ஏட்டி, குட்டக் குட்டக் குனியாத!"

பிறகு மேனேஜரே வந்தார். அக்கா ஓட்டையில் சாக்கை அடைத்து, என் சமையலறைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டார். "வாங்க தொரை, காப்பி போட்டுத் தாரேன். கதவச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் உள்ள இருங்க. இருந்துட்டா முழுச் செலவையும் நானே கெட்டுதேன்."

தொரை வாசற்படி தாண்டவில்லை. காகிதமும் அவரோடே போயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மற்ற நாலு வீட்டிலும் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள், கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் அவர் மகன் ஜெபராஜை ஆபீசுக்குக் கூப்பிட்டு அதே காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால்தான் அம்மாவின் கிராஜுவிட்டி கிடைக்குமாம். ஆள் போய்விட்டால் கேட்க நாதியில்லை என்ற நினைப்பு!

"சித்தி, போட்டுரட்டுமா? எல்லாரும் போட்டுரச் சொல்லுதாங்க" என்று காகிதத்தோடு வந்து நின்றான்.

"போடாதய்யா" என்றேன்.

அவர் பைபிளை ஜெபராஜ் எடுத்துக்கொண்டான், பானை சட்டிகளை உறவுக்காரர்கள் கொண்டுபோனார்கள். நான் எடுத்துக்கொண்டது அவர் வாயில் எப்போதும் இருந்த "முடியாது" என்ற ஒரு சொல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் அதைச் சொல்லப் போகிறேன். அக்காவுக்காக அழுதவர்கள் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.